இருசாயியின் இருபத்து மூன்று இல்லைச் சான்றுகள்

வாசலூர்பட்டி ஏரியில் ஒருவர் தவறி விழுந்தால் குதித்து இழுத்துவர இருசாயிக்கு எத்தனை நிமிடம் ஆகும் என்று மண்டல உடற்தகுதி வாரியம் கடைசிவரை கேட்கவில்லை. சிறுநீரில் புரதம் இருக்கிறதா என்று மட்டும் கேட்டது. இருந்தது.

இருசாயிக்கு முப்பத்து மூன்று வயது. கொல்லிமலையில் பிறந்து கொல்லிமலையிலேயே வாழ்க்கைப்பட்டவள். படகு இல்லத்தில் நான்கு வருடமாகத் தினக்கூலி. வருகிறவர்களுக்கு மிதவைச் சட்டை மாட்டி வாரை இழுத்துக் கட்டுவது, மிதிபடகைக் காலால் எட்டித் தள்ளிவிடுவது, நடு ஏரியில் மிதிக்கத் தெம்பில்லாமல் நின்றுபோனவர்களைக் கயிறு போட்டு இழுத்துவருவது, இவையெல்லாம் அவள் வேலை. இரண்டு முறை தண்ணீரிலும் குதித்திருக்கிறாள். முதல் முறை, செல்ஃபி எடுக்க எழுந்து நின்ற புது மாப்பிள்ளைக்காக. இரண்டாவது முறை, அதே மாப்பிள்ளையின் செல்போனுக்காக. மாப்பிள்ளை மட்டும் கிடைத்தார்.

அவளுக்கு வேலை நிரந்தரமாகிறது என்று கடிதம் வந்தது. பதவியின் பெயர் நீர்நிலை உயிர்காப்பாளர். நாற்பத்தைந்து நாளுக்குள் உடற்தகுதிச் சான்றோடு வந்து சேர வேண்டும். தவறினால் பட்டியலில் அடுத்த பெயருக்குப் போய்விடும்.

கணவன் முத்தன் மிளகுக்கொடி ஏறுகிறவன். கடிதத்தை மூன்று முறை படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "ஒடம்புக்கு என்ன புள்ள கொறை? கைக்கொரு பலாப்பழமாத் தூக்கிட்டு மேடு ஏறுற. உன்னையப் பாத்தாலே கையெழுத்துப் போட்டுருவாங்க" என்றான்.

அவர்கள் அவளைப் பார்க்கவில்லை. பட்டையைப் பார்த்தார்கள்.

வாரியம் மலைக்குக் கீழே, ஒரு பெரிய ஆஸ்பத்திரி வளாகத்தின் பின்கட்டில் இருந்தது. அதன் சூப்பிரண்டு மரியம்மாள், ஓய்வு பெற இரண்டு வருடம் இருக்கிற, யாரையும் கடிந்து பேசாத, எதையும் விட்டுக்கொடுக்காத அம்மாள். இருசாயி கொண்டுவந்த சிறுநீர்க் குப்பியில் ஒரு மஞ்சள் காகிதப் பட்டையை நனைத்து எடுத்தார்கள். பட்டை பச்சையானது.

முத்தனுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "பச்சைன்னா போலாம்னுதானுங்களே அர்த்தம்?"

"ரோட்டுல அப்படி. இங்க பச்சைன்னா போகக் கூடாது" என்றார் மரியம்மாள். படிவத்தில் ‘புரதம்: இரண்டு கூட்டல் குறி’ என்று எழுதி, ‘தற்சமயம் தகுதியற்றவர்’ என்று ஒரு முத்திரையை ஊதி ஊதிக் குத்தினார்.

பக்கத்து நாற்காலியில் ஓம்பிரகாஷ் என்ற இளைஞர் உட்கார்ந்திருந்தார். பட்டியலில் அடுத்த பெயர் அவருடையதுதான். அவருடைய பட்டை மஞ்சளாகவே இருந்தது. வாழ்த்துச் சொன்ன இருசாயியை அவர் பரிதாபமாகப் பார்த்தார்.

"அக்கா, எப்படியாவது நீங்க வாங்கிருங்கக்கா. எனக்கு நீச்சல் தெரியாது. தண்ணியப் பாத்தாலே காலு நடுங்கும். வீட்டுல எல்லாப் பரீட்சையும் எழுதச் சொன்னாங்க, எழுதினேன். இதுல போய் பாஸாயிட்டேன்."

"இத அவிங்ககிட்டச் சொல்லலீங்களா?"

"சொன்னேன். படிவத்துல நீச்சலுக்குன்னு கட்டம் இல்லைன்னுட்டாங்க."

மறுநாள் இருசாயி மலைமேல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனாள். அங்கே டாக்டர் ஜெனிபர் மூன்று வருடமாக இருக்கிறார். கடற்கரைப் பக்கத்துக்காரர், மலைக்குளிருக்கு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டே வைத்தியம் பார்ப்பவர். இருசாயியின் சிறுநீரில் புரதம் போவது அவருக்குப் புதுச் செய்தி அல்ல. முதல் பிரசவத்துச் சீட்டிலிருந்தே அப்படித்தான் பதிவாகியிருந்தது. ஜெனிபர்தான் அவள் இரத்தத்தை ஓர் ஆராய்ச்சிக் கூடத்துக்கு அனுப்பி, காரணத்தைக் கண்டுபிடித்து வைத்திருந்தார்.

"பயப்படாதீங்க. மறுபடியும் சொல்றேன்" என்று ஒரு தாளில் படம் போட்டார். "சிறுநீரகம் இரத்தத்தை வடிகட்டும்போது கொஞ்சம் நல்ல புரதமும் வழிஞ்சு வந்துரும். அங்கிருக்கிற செல்லு மேல கியூபிலின்னு ஒண்ணு இருக்கு. அதுவும் ஒரு புரதம்தான். வழிஞ்சு வர்றதைப் பிடிச்சு செல்லு உள்ள விழுங்கவச்சு, வீணாகாமக் காப்பாத்தும்."

"மதகுல வலை கட்டி மீனப் புடிக்கற மாதிரிங்களா?"

"அதேதான். உங்களுக்கு அந்த வலையில பிறவியிலேயே சின்ன ஓட்டை. கொஞ்சம் மீன் போகுது. ஆனா ஏரி நிறைஞ்சு இருக்கு. சிறுநீரகம் கல்லு மாதிரி இருக்கு. இதே வலை குடல்லயும் உண்டு, அங்க விட்டமின் பிடிக்கும். அங்க உங்களுது ஒழுங்கா வேலை செய்யுது."

"ஒரே வலைன்னா, இங்க ஓட்டையாவும் அங்க நல்லாவும் எப்படிங்க இருக்கும்?"

ஜெனிபருக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது. "வலையோட எந்தப் பக்கம் கிழிஞ்சிருக்குங்கறதப் பொறுத்தது. விட்டமின் பிடிக்கிற பக்கம் உங்களுக்கு நல்லா இருக்கு. இன்னொண்ணு, இந்த வலை உடம்பு பூராவும் கிடையாது. இதைச் செய்யற சமையல் குறிப்பு எல்லா வீட்டுலயும், அதாவது எல்லா உறுப்புலயும் இருக்கு. ரெண்டு மூணு வீட்டுலதான் அடுப்புப் பத்தவைக்கிறாங்க."

ஜெனிபர் வாரியத்துக்கு நான்கு வாக்கியத்தில் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். முதல் வாக்கியம், இருசாயி ஆரோக்கியமானவள் என்றது. இரண்டாவது, காரணத்தைச் சொன்னது. மூன்றாவது, ‘இப்புரதம் உடலின் எல்லாத் திசுக்களிலும் வெளிப்படுவதில்லை, முக்கியமாகச் சிறுநீரகத்திலும் சிறுகுடலிலும், கருக்காலத்தில் கருவைச் சூழ்ந்த சவ்வுகளிலும் மட்டுமே வெளிப்படும்’ என்றது. நான்காவது, நன்றி. மூன்றாவதை அவர் எழுதாமல் விட்டிருக்கலாம். ஆனால் அவர் படித்த பெண், முழுதாக எழுதினார்.

வாரியம் வெள்ளிக்கிழமைகளில் கூடும். தலைவர் டாக்டர் வெங்கடாசலம் உள்ளே வரும்போது அனைவரும் எழுந்து நிற்க வேண்டும். கோப்பு மேஜைக்கு வரும்போது உட்காரலாம். நோயாளி வரும்போது எழவும் வேண்டாம், பார்க்கவும் வேண்டாம். தலைவர் ஜெனிபரின் கடிதத்தைக் கண்ணாடி போட்டு ஒருமுறையும், கண்ணாடியைக் கழற்றி ஒருமுறையும் படித்தார்.

"‘மட்டுமே’ என்று எழுதியிருக்கிறார்" என்றார்.

உறுப்பினர்கள் மூவரும் அந்தச் சொல்லின் பாரத்தை உணர்ந்து தலையசைத்தார்கள்.

"‘மட்டுமே’ என்பது சாதாரணச் சொல் அல்ல. கண்ணில் இல்லை, காதில் இல்லை, கல்லீரலில் இல்லை என்று ஒரு மலை டாக்டர் ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டுப் போகிறார். அந்தந்த உறுப்புக்கு ஒரு துறை உண்டு. துறைக்கு ஒரு தலைவர் உண்டு. என் துறையில் என்ன இல்லை என்பதை இன்னொருவர் சொன்னால் நான் எதற்கு இருக்கிறேன்? முப்பத்தோரு வருடப் பணியில் நான் கோப்பு இல்லாமல் ஒரு நோயாளியையும் பார்த்ததில்லை. நோயாளி இல்லாமல் எத்தனையோ கோப்புகளைப் பார்த்திருக்கிறேன். ஒரு தவறும் நேர்ந்ததில்லை."

"ஏனுங்க சாமி, எனக்கு ஒடம்பு நல்லாத்தானுங்களே இருக்குது?" என்றாள் இருசாயி.

"அது உனக்குத் தெரிகிறது. வாரியத்துக்குத் தெரிய வேண்டாமா?"

மரியம்மாள் ஒரு படிவக் கட்டை எடுத்து வந்தார். இல்லைச் சான்று என்று அதற்குப் பெயர். ஆஸ்பத்திரியின் இருபத்து மூன்று துறைகளிலும், மேற்படி புரதம் தங்கள் உறுப்பில் இல்லை என்று எழுதி வாங்கி வர வேண்டும். நாட்கள் முப்பத்தாறு பாக்கி இருந்தன.

அன்றிலிருந்து இருசாயி விடிகிற பஸ்ஸைப் பிடித்து மலைப்பாதையின் எழுபது வளைவும் இறங்கி, பொழுது சாயும் பஸ்ஸில் எழுபது வளைவும் ஏறினாள்.

கண் துறை சுலபமாக முடிந்தது. சுவரில் இருந்த எழுத்துகளைக் கடைசி வரிவரை படித்தாள். ‘கண்ணுக்கு எட்டியவரை புரதம் தென்படவில்லை’ என்று எழுதிக் கொடுத்தார்கள். காது மூக்குத் தொண்டை டாக்டர் காதுக்குள் விளக்கடித்து "ஒண்ணுமில்ல" என்றார். காதைப் பற்றிச் சொன்னாரா, புரதத்தைப் பற்றிச் சொன்னாரா என்று இருசாயிக்குத் தெரியவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டதால் கேட்கவில்லை. எலும்புத் துறையில் இரண்டு முழங்கால்களையும் படம் எடுத்தார்கள். ஏன் முழங்கால் என்று கேட்டதற்கு, அன்று முழங்கால் கிழமை என்று பதில் வந்தது.

கல்லீரல் துறைத் தலைவர்தான் விஷயத்தை அறிவுபூர்வமாக அணுகினார்.

"‘இருக்கிறது’ என்று எழுதுவது சுலபம். ‘இல்லை’ என்று எழுத நான் பார்த்தாக வேண்டும். பார்க்க வேண்டுமானால் கல்லீரலில் ஒரு துணுக்கு எடுக்க வேண்டும். துணுக்கு எடுக்க வேண்டுமானால் உனக்குக் கல்லீரல் நோய் இருக்க வேண்டும். இருக்கிறதா?"

"இல்லீங்க."

"பார்த்தாயா? நீயே ஒத்துழைக்கவில்லை."

"அப்ப என்னங்க பண்றது?"

"நோயோடு வா. நோயில்லாமல் வருகிறவர்களால்தான் இங்கே இவ்வளவு கூட்டம்."

இருசாயி மரியம்மாளிடம் வந்து அழாத குறையாகச் சொன்னாள். மரியம்மாளுக்குக் கோப்பு நகராமல் இருப்பது பிடிக்காது. தானே எழுந்துபோய்த் துறைத் தலைவரிடம் பேசி, ஒரு வாசகத்தை அமைத்துக் கொடுத்தார். ‘எடுக்கப்படாத துணுக்கில் மேற்படி புரதம் காணப்படவில்லை.’ தலைவர் மகிழ்ச்சியோடு கையெழுத்திட்டார். இது எல்லா நோயாளிகளுக்கும் பயன்படக்கூடிய வாசகம் என்று பாராட்டவும் செய்தார்.

மனநலத் துறையில் நாற்காலி மெத்தென்று இருந்தது. டாக்டர் கனிவாகக் கேட்டார்.

"உங்களுக்குள்ள ஏதோ ஒண்ணு இருக்கறதா நம்பறீங்களா?"

"ஆமாங்க. டாக்டரம்மா சொன்னாங்க."

"அது என்ன செய்யுது?"

"போறதையெல்லாம் புடிச்சு முழுங்குமாமுங்க. கொடல்ல நல்லா முழுங்குதாம். சிறுநீரகத்துல சோம்பலா இருக்குதாம்."

டாக்டர் எழுதத் தொடங்கினார். "அது உங்ககிட்டப் பேசுமா?"

"இல்லீங்க."

"நீங்க அதுகிட்டப் பேசுவீங்களா?"

இருசாயி யோசித்தாள். பொய் சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை. "இந்த ஒரு மாசமாத் திட்டிக்கிட்டு இருக்கறனுங்க."

மூன்று அமர்வுகளுக்கு வரச் சொன்னார்கள். மூன்றாவது அமர்வின் முடிவில், மனம் என்பது திசு அல்ல என்பதால் சான்றே தேவையில்லை என்று தெரியவந்தது. ஆனாலும் எண்ணிக்கை குறையக் கூடாது என்று, தேவையில்லை என்பதற்கே ஒரு சான்று கொடுத்தார்கள்.

பிணக்கூறு ஆய்வுத் துறைக்குப் போக அவளுக்குப் பயமாக இருந்தது. முத்தனை வாசலில் நிறுத்திவிட்டு, சாமியைக் கும்பிட்டுக்கொண்டு உள்ளே போனாள். அங்கிருந்த வயதான டாக்டர் எழுந்து நாற்காலி போட்டார். டீ வரவழைத்தார். ஊர், பிள்ளைகள், இந்த வருட மிளகு விளைச்சல் என்று எல்லாவற்றையும் விசாரித்துவிட்டு, புரதத்தைப் பற்றி மட்டும் ஒரு கேள்வியும் கேட்காமல் கையெழுத்துப் போட்டார்.

"எங்க துறைக்குத் தானா நடந்துவந்து, நான் கேட்டதுக்குப் பதிலும் சொன்ன முதல் ஆள் நீங்கதாம்மா" என்றார். அந்த ஆஸ்பத்திரியிலேயே மனுசத்தனமாக நடந்துகொண்டவர் அவர்தான் என்று இருசாயி வீட்டில் வந்து சொன்னாள்.

மகப்பேறு துறையில் சிக்கியது. கடிதத்தில் கருவைச் சூழ்ந்த சவ்வு என்று எழுதியிருந்ததை அந்தத் துறைத் தலைவி சிவப்புப் பேனாவால் கோடிட்டார்.

"கர்ப்பமா இருக்கியா?"

"இல்லீங்கம்மா. ரெண்டு புள்ளைங்க இருக்குது. போதும்னு ஆபரேசன் பண்ணிட்டனுங்க."

"அப்ப எதை வச்சுப் பாக்கறது? கடைசிப் பிரசவத்து நஞ்சுக்கொடியைக் கொண்டுவா."

இருசாயி வாயைப் பிளந்தாள். "அது ஊட்டுக்குப் பின்னால பொதச்சுட்டமுங்கம்மா. ஒம்பது வருசம் ஆச்சுங்க. மேல பலாக்கன்னு வெச்சோம். இப்பக் காய்க்குது."

தலைவி அசரவில்லை. புதைத்த இடத்தைக் கிராம நிர்வாக அலுவலர் பார்வையிட்டுச் சான்று தரட்டும் என்றார். இருசாயி ஊருக்குப் போய்க் கேட்டாள். அலுவலர் நல்ல மனுசன். கூச்சப்பட்டுக்கொண்டே வந்து, மரத்தை ஒரு சுற்றுச் சுற்றினார். ‘மேற்படி இடத்தில் பலா மரம் ஒன்று நல்ல நிலையில் உள்ளது. பதினான்கு காய்கள் உள்ளன. புரதம் ஏதும் மேற்பரப்பில் தென்படவில்லை’ என்று எழுதினார். போகும்போது காய் பதின்மூன்றாக இருந்தது. முத்தன் ஒன்றை வெட்டி அவர் வண்டியில் கட்டியிருந்தான்.

கடைசியில் இரண்டு துறைகள் பாக்கி. அந்தப் புரதம் உண்மையிலேயே இருக்கும் இரண்டு இடங்கள்.

சிறுநீரகத் துறைத் தலைவர் அவளுடைய இரத்தப் பரிசோதனைகளைப் பார்த்துவிட்டுத் தள்ளிவைத்தார். "உன் சிறுநீரகம் நன்றாக வேலை செய்கிறது. நன்றாக வேலை செய்கிற சிறுநீரகம் எங்கள் துறையின் கீழ் வராது. குடலுக்குப் போ."

குடல் துறைத் தலைவர், "எங்களிடம் அந்தப் புரதம் ஒழுங்காக வேலை பார்க்கிறது. ஒழுங்காக வேலை பார்ப்பதைப் பற்றி எழுத எங்களிடம் படிவம் இல்லை. தகராறு எங்கே இருக்கிறதோ அங்கே போ" என்றார்.

நான்கு நாள் அவள் மாடிப்படியில் ஏறி இறங்கினாள். குடல் மூன்றாவது மாடியிலும் சிறுநீரகம் தரைத்தளத்திலும் இருந்தன. லிஃப்ட் பழுது. ஐந்தாம் நாள் இரண்டு தலைவர்களும் தொலைபேசியில் சத்தமாகப் பேசிக்கொண்டார்கள். அதில் புரதம் சம்பந்தமான பேச்சு குறைவாகவும், இருவருக்கும் பொதுவான வாகன நிறுத்தம் சம்பந்தமான பேச்சு அதிகமாகவும் இருந்தது. முடிவில் இருவருமே, இவள் மறுபடி வராமல் இருந்தால் போதும் என்று, ‘இங்கு இல்லை’ என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

இருபத்து மூன்று சான்றும் சேர்ந்தன. நாற்பத்து நான்காம் நாள் வெள்ளிக்கிழமையாக அமைந்தது. முத்தனும் இருசாயியும் போனபோது ஓம்பிரகாஷ் முன்னதாகவே வந்து காத்திருந்தார். அவர் கண்ணில் தூக்கமில்லை.

"அக்கா, இன்னிக்கு உங்களுக்குக் கிடைக்கலைன்னா திங்கக்கிழமை நான் சேரணும்க்கா. யூனிபார்ம் அளவு எடுத்துட்டாங்க. ராத்திரி கனவுல ஏரி வருது."

"அழாதீங்க கண்ணு. ஆண்டவன் இருக்கறான்" என்றாள் இருசாயி. தனக்குச் சொல்லிக்கொள்ள வேண்டியதை அவருக்குச் சொன்னாள்.

வாரியம் எழுந்தது, உட்கார்ந்தது. தலைவர் இருபத்து மூன்று சான்றுகளையும் ஒவ்வொன்றாகப் புரட்டினார். அவர் முகத்தில் ஒரு பெரிய உண்மை உதிப்பது எல்லோருக்கும் தெரிந்தது.

"இந்தப் பெண்ணின் உடலில் இந்தப் புரதம் எங்குமே இல்லை" என்றார். "இருபத்து மூன்று தலைவர்கள் சொல்கிறார்கள். அப்படியானால் சிறுநீரில் வந்த புரதம் எங்கிருந்து வந்தது?"

இருசாயிக்குப் பொறுக்கவில்லை. "சாமி, வலை வேறங்க, மீனு வேறங்க. இந்தக் காயிதமெல்லாம் வலையப் பத்தினது. மூத்தரத்துல போறது மீனுங்க. வலை புடிக்காததாலதானுங்க மீனு போகுது."

தலைவர் மரியம்மாளைப் பார்த்தார். "இங்கே மீன்வளத் துறை இருக்கிறதா?"

"இல்லீங்க ஐயா."

"அப்படியானால் அது பரிசீலனைக்கு உரியது அல்ல." அவர் எழுந்து நின்றார். அவர் நின்றதால் எல்லோரும் நின்றார்கள். "ஒப்பீடு இல்லாமல் அறிவியல் இல்லை. இவளுடைய பட்டையை எதோடு ஒப்பிட்டீர்கள்? பட்டை வரும் புட்டியில் ஒட்டியிருக்கும் வண்ணச் சீட்டோடு. அந்தச் சீட்டுக்கு என்ன தகுதி? அது எந்த நிலை அலுவலர்? தகுதியுள்ள ஒரு மனிதரோடு ஒப்பிட வேண்டும். இந்த மண்டலத்தில் பதினெட்டாயிரம் பேருக்குத் தகுதி வழங்கியது யார்?"

"தாங்கள்தான் ஐயா" என்றார்கள் உறுப்பினர்கள்.

"அப்படியானால் தகுதி என்பது என்ன?"

உறுப்பினர்கள் ஒருவரையொருவர் பார்த்துவிட்டுத் தலைவரைப் பார்த்தார்கள். புரிந்ததும் ஒருவர் கைதட்டினார். தலைவர் கம்பீரமாக அடுத்த அறைக்குப் போய்வந்தார். அவருடைய குப்பி, வெள்ளைத் துணி போர்த்திய தட்டில் ஊழியர் ஒருவரால் கொண்டுவரப்பட்டது. இருசாயியின் குப்பி பக்கத்தில் வைக்கப்பட்டது. மரியம்மாள் இரண்டு பட்டைகளையும் ஒரே நேரத்தில் நனைத்தார்.

இருசாயியின் பட்டை இளம்பச்சையானது. தலைவரின் பட்டை அதைத் தாண்டியது. நிற்காமல் கறுத்துக்கொண்டே போய், மழைக்காலத்துப் பாசியின் நிறத்துக்கு வந்து நின்றது.

உறுப்பினர்கள் மூவரும் குனிந்து பார்த்தார்கள்.

"வெளிச்சம் சரியில்லை" என்றார் முதல் உறுப்பினர். விளக்கைப் போட்டார்கள். பச்சை இன்னும் நன்றாகத் தெரிந்தது.

"பட்டை காலாவதியாகியிருக்கும்" என்றார் இரண்டாமவர்.

மரியம்மாள் புட்டியைத் திருப்பிப் பார்த்தார். பொய் சொல்ல அவருக்கும் வரவில்லை. "இன்னும் பதினோரு மாசம் இருக்குங்க ஐயா."

"அச்சுப் பிழையாக இருக்கும்" என்றார் மூன்றாமவர். அதை எல்லோரும் நன்றியோடு ஏற்றுக்கொண்டார்கள்.

தீர்மானம் நிறைவேறியது. புட்டியில் இருந்த பட்டைகள் அனைத்தும் உடற்தகுதியற்றவை என்று அறிவிக்கப்பட்டன. அவற்றால் வழங்கப்பட்ட முடிவுகள் எல்லாம் இரத்தாயின. தகுதியிழந்திருந்த இருசாயி தகுதி பெற்றாள். தகுதி பெற்றிருந்த ஓம்பிரகாஷ் தகுதி இழந்தார். அவர் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்து முத்தனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். பிள்ளைக்கு வேலை போனதற்கு இவ்வளவு சந்தோசமா என்று முத்தனுக்குக் கொஞ்சம் கலக்கமாகக்கூட இருந்தது.

சான்றில் முத்திரை விழுந்தது. எல்லோரும் பேசிக்கொண்டே கலைந்தார்கள். தலைவர் மட்டும் உட்கார்ந்தபடியே இருந்தார். கும்பிட்டுவிட்டுப் போகலாம் என்று இருசாயி மேஜைக்கு அருகில் போனபோது, கீழே அவருடைய கால்கள் கண்ணில் பட்டன. செருப்பின் வார் சதையில் புதைந்திருந்தது. கணுக்கால் இருக்க வேண்டிய இடத்தில் வீக்கம்தான் இருந்தது. தண்ணீரில் தவறி விழுந்தவனைக் கண்டதுபோல ஓர் எட்டு முன்னால் வைத்தாள்.

"சாமி" என்றாள் தணிவாக. "எனக்கு இது பொறப்புலயே இருக்கறதுங்க. ரத்தம் எடுத்துப் பாத்துத்தான் பயமில்லைன்னு டாக்டரம்மா சொன்னாங்க. உங்களுக்கு எப்ப இருந்துங்க கால் வீங்குது?"

தலைவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். இந்த நாற்பத்து நான்கு நாளில் அவர் அவளைப் பார்த்தது அதுதான் முதல் முறை. கால்களை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார். பிறகு, "அடுத்த கோப்பு" என்றார்.

அடுத்த கோப்பு இல்லை. மரியம்மாள் அதைச் சொல்லாமல் விளக்கை மட்டும் அணைத்தார்.

இருசாயி வேலையில் சேர்ந்து மூன்று வாரம் இருக்கும். மிதிபடகின் துருப்பிடித்த கம்பி அவள் உள்ளங்கையைக் கிழித்துவிட்டது. ஊசி போட்டுக்கொள்ள ஜெனிபரிடம் போனாள். செவ்வாய்க்கிழமை காலை; வெளியே மரப்பெஞ்சில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஓரத்தில் ஒருவர், தலையில் மப்ளரும் முகத்தில் மாஸ்க்குமாகக் குனிந்திருந்தார். எழுபது வளைவும் ஏறி வந்த களைப்பு பார்த்தாலே தெரிந்தது. கைக்குட்டையால் சுற்றிய ஒரு குப்பியை மடியில் இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

இருசாயி முகத்தைப் பார்க்கவில்லை. காலைப் பார்த்தாள்.

"சாமி, நீங்களா?"

அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மாஸ்க்கைச் சற்றே இறக்கினார். மேஜைக்குப் பின்னால் இருந்த ஆள் இல்லை இவர். இளைத்து, கண்ணுக்குக் கீழே தடித்து, சின்னவராகத் தெரிந்தார்.

"டாக்டர் ஜெனிபர் இருக்கிறாங்களாம்மா?"

"உள்ளதானுங்க இருக்கறாங்க. ஏனுங்க சாமி, கீழ அவ்ளோ பெரிய ஆஸ்பத்திரிய வெச்சுக்கிட்டு இங்க மலையேறி வந்திருக்கறீங்க?"

தலைவர் வெங்கடாசலம் கதவைப் பார்த்தார். குப்பியை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"அங்கே போனால்..." என்று தொடங்கினார். மாஸ்க்கை மறுபடி ஏற்றிக்கொண்டார். "அங்கே இருபத்து மூன்று துறை இருக்கிறதேம்மா."

இருசாயி சிரிக்கவில்லை. அடிபடாத கையால் பெஞ்சில் இருந்தவர்களைக் கொஞ்சம் நகரச் சொல்லி, அவரைக் கதவுக்குப் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

"பயப்படாதீங்க சாமி. இங்க ஒரே ரூமுதானுங்க."